சிறு உற்பத்தித் தொழிலகம் ஒன்றை வாங்குமுன்: விற்பவர் சென்ற பின் எஞ்சுவது எது?

ரொறொன்ரோ மாநகரின் ஸ்காபரோ, எற்றோபிக்கோ, நோர்த் யோர்க் பகுதிகளிலுள்ள கைத்தொழில் வலயங்களில், பத்துப் பேருக்கும் குறைவானோர் பணியாற்றும் உற்பத்திக் கூடங்கள் பல உள்ளன. வெதுப்பகங்களுக்கான உலோகத் தட்டுகள், மருத்துவமனைத் திரைகள், இயந்திரங்களுக்கான இரப்பர் வளையங்கள் என ஒரேயொரு பொருளை மட்டும் நன்கு செய்து, குறிப்பிட்ட சில வாடிக்கையாளருக்கு விற்று நிலைத்திருப்பவை அவை. அவற்றின் உரிமையாளர் பலர் இன்று ஓய்வு பெறும் வயதை அடைந்துள்ளனர். கனடியச் சுயாதீன வணிகச் சம்மேளனம் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வின்படி, சிறு தொழில் உரிமையாளருள் 76 விழுக்காட்டினர் பத்தாண்டுக்குள் தம் தொழிலிலிருந்து விலக எண்ணியிருந்தனர். முறையான கையளிப்புத் திட்டம் வைத்திருந்தோர் 9 விழுக்காட்டினரே.

இத்தகைய கூடங்களில் நீண்ட காலம் உழைத்த நம்மவர் பலருக்கு, அவற்றுள் ஒன்றை வாங்கினால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் இதில் ஈடுபடுத்தப்படுவது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பாகும். சில வேளைகளில் குடியிருக்கும் வீடும் ஈடாகிறது. ஆகவே எந்தக் கூடத்தைப் பார்க்கச் சென்றாலும், “விற்பவர் சாவியைத் தந்துவிட்டுச் சென்ற பின், இங்கே எஞ்சுவது எது?” என்ற வினாவை முன்வைத்தே பார்த்தல் நன்று.

ரொறொன்ரோவில் நிகழ்ந்த ஒரு கொள்வனவு

1957ஆம் ஆண்டு சாம் டிக் என்பவர் மெட்ரோ ஸ்போர்ட்ஸ்வெயர் என்ற சிறு ஆடைத் தொழிலகத்தை இந்நகரில் தொடங்கினார். கம்பளி மேலாடைகளும் மழை அங்கிகளும் பனிவண்டி ஓட்டுநருக்கான உடைகளும் அங்கே தைக்கப்பட்டன. 1970களில் அவருடைய மருமகன் டேவிட் ரீஸ் அதில் இணைந்து, மேலங்கிகளுள் இறகை அளவாக நிரப்பும் இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். காவல் துறையினர் போன்றோருக்கான கடுங்குளிர் மேலங்கிகளையும் அத்தொழிலகம் தைத்தது. 1985இல் ரீஸ் அதனை வாங்கித் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இன்று உலகறிந்த கனடா கூஸ் நிறுவனம் அதுவே.

வாங்கும் எல்லாத் தொழிலும் இவ்வாறு வளரும் என்று கொள்ளலாகாது. இங்கே கற்க வேண்டியது வேறு. ரீஸ் தொழிலை வாங்கியபோது, உற்பத்தி முறையும் வாடிக்கையாளரும் ஏற்கனவே அவருக்குப் பழக்கமானவை. மாமனார் விலகிய போதும் தொழிலின் சாரம் விலகவில்லை. மற்றொரு பாடமும் உண்டு. அவர்கள் பயன்படுத்திவந்த ஸ்னோ கூஸ் என்ற பெயர் ஐரோப்பாவில் வேறொருவரிடம் இருந்தமையால், அங்கே கனடா கூஸ் என்ற பெயரில் விற்க வேண்டியதாயிற்று. ஒரு தொழிலின் பெயரை வாங்குவோர், அப்பெயருக்கு எந்த நாட்டில் உரிமை பதியப்பட்டுள்ளது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இலாபத்தை மீண்டும் கணக்கிடுதல்

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கூடம் ஆண்டுக்கு 140,000 டொலர் இலாபம் காட்டுகிறது. உரிமையாளர் வாரம் 60 மணிநேரம் உழைக்கிறார். அவருடைய துணைவியார் கணக்கெழுதுகிறார். இருவரும் சம்பளம் பெறுவதில்லை. அப்பணிகளை வெளியாரிடம் ஒப்படைத்தால், மேலாளருக்கு 85,000, பகுதிநேரக் கணக்கெழுதுநருக்கு 20,000 டொலர் தேவைப்படும் எனக் கொள்வோம். உண்மையான இலாபம் 35,000 டொலர் மட்டுமே.

இதனை வாங்க 400,000 டொலரை 8 விழுக்காட்டு வட்டியில் பத்தாண்டுக் கடனாகப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 4,850 டொலர், அதாவது ஆண்டுக்கு 58,000 டொலருக்குச் சற்று மேல். மேலாளரை அமர்த்தினால் தவணை கட்ட இயலாது. நீங்களே மேலாளர் பணியைச் செய்து, கணக்கெழுதுநருக்கு மட்டும் ஊதியம் அளித்தால், தவணை போக ஏறத்தாழ 62,000 டொலர் எஞ்சும். அதிலிருந்தே வருமான வரியும் பழுதடையும் இயந்திரத்தின் செலவும் தீர்க்கப்பட வேண்டும். அவ்வாறாயின் நீங்கள் வாங்குவது முதலீடு அன்று, ஒரு வேலை. அந்த வேலை உங்களுக்கு ஏற்றதாயின் தவறில்லை. அதை அறிந்தே வாங்குதல் வேண்டும்.

விற்பவர் தரும் கணக்கறிக்கையை மட்டும் நம்பாது, குறைந்தது மூன்று ஆண்டுகளின் வருமானவரி அறிக்கைகளையும் வங்கிக் கூற்றுகளையும் கேட்டு, இரண்டையும் ஒப்பிடுங்கள்.

வாடிக்கையாளரும் கைத்திறனும்

விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வருமாயின், அவருடன் எழுத்து மூல ஒப்பந்தம் உண்டா என்று கேளுங்கள். உரிமையாளரின் நட்பினால் மட்டுமே வரும் கட்டளைகள் அவருடனேயே சென்றுவிடக்கூடும். அச்சுகளும் வரைபடங்களும் யாருக்கு உரியவை என்பதையும் பாருங்கள்; வாடிக்கையாளர் பணம் கொடுத்துச் செய்வித்த அச்சு அவருடையதாக இருக்கலாம்.

இயந்திரத்தை எவ்வாறு சீரமைப்பது, எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் வைப்பது என்பன ஒருவரின் நினைவில் மட்டும் உள்ளனவா, எழுதப்பட்டுள்ளனவா? நினைவில் மட்டும் உள்ளன எனில், விற்பவர் சில மாதங்கள் உடனிருந்து கற்பிப்பதை ஒப்பந்தத்தில் சேர்த்தல் அவசியம்.

பணியாளர் குறித்து ஒன்றை மறத்தலாகாது. ஒன்ராறியோவின் 2000ஆம் ஆண்டு வேலைவாய்ப்புத் தரநிலைகள் சட்டத்தின்படி, விற்கப்பட்ட தொழிலின் பணியாளரைப் புதிய உரிமையாளர் தொடர்ந்து அமர்த்தினால், பழைய சேவைக் காலமும் கணக்கில் சேரும். 18 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவர் உங்களிடம் புதியவர் அல்லர். பின்னர் அவரை நீக்க நேர்ந்தால், முழுச் சேவைக் காலத்துக்குரிய கடப்பாடும் உங்களுடையதே.

இடமும் அனுமதியும்

அந்த முகவரியில் அத்தொழிலைச் செய்ய மாநகரின் 569-2013 இலக்க வலய விதி அனுமதிக்கிறதா என்று கேட்டறியுங்கள். நீண்ட காலம் நடந்துவருகிறது என்பது மட்டும் போதிய விடையன்று. கழிவு நீரை வெளியேற்றும் கூடமாயின், மாநகரச் சட்டத் தொகுப்பின் 681ஆம் அத்தியாயம் கூறும் வரையறைகள் பொருந்தும். புகை, தூசு, வாயு வெளிவருமாயின் மாகாணச் சுற்றாடல் அனுமதி தேவைப்படலாம். இருக்கும் அனுமதியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டுமா என்றும் வினவுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தை முழுமையாகப் படியுங்கள். அதனை உங்களுக்கு மாற்றக் கட்டட உரிமையாளரின் சம்மதம் தேவையா? கட்டடத்தை இடிக்க முடிவு செய்தால் உங்களை வெளியேற்ற அவருக்கு உரிமையுண்டா? பாரமான இயந்திரங்களை இடம் மாற்றும் செலவு, அவற்றின் விலையையே விழுங்கிவிடக்கூடும்.

பங்குகளா, சொத்துகளா?

நிறுவனத்தின் பங்குகளை வாங்கினால், அதன் பழைய வரிக் கடன், வழக்கு, கடப்பாடு அனைத்தும் நிறுவனத்துடனேயே வரும். சொத்துகளை மட்டும் வாங்கினால் அச்சுமை குறையும். ஆயினும் முற்றாக நீங்காது. இயந்திரங்களின் மீது எவரேனும் கடன் உரிமை பதிந்துள்ளனரா என்பதை மாகாணத்தின் தனியாள் சொத்துப் பிணையப் பதிவேட்டில் தேடுதல் வேண்டும். வேலையிடப் பாதுகாப்புக் காப்புறுதிச் சபைக்கு விற்பவர் செலுத்தாத தொகை வாங்குபவர் மீது விழாதிருக்க, அச்சபையிடம் கொள்வனவுச் சான்றிதழ் பெறுமாறு கேளுங்கள். முன்னர் தொழில் வாங்கியவர்கள் கூறும் மொத்த விற்பனைச் சட்ட நடைமுறை இன்று இல்லை. அச்சட்டம் 2017 மார்ச் மாதம் நீக்கப்பட்டது.

இயங்கும் தொழிலை அதற்கு வேண்டிய சொத்துகளுடன் வாங்கும்போது, இரு தரப்பினரும் இணைந்து விண்ணப்பித்தால் 13 விழுக்காட்டு எச்.எஸ்.ரி. வரியைச் செலுத்தாதிருக்கும் வழி உண்டு. இது உங்களுக்குப் பொருந்துமா என்று கணக்காளரிடம் கேளுங்கள்.

பணத்தைத் திரட்டுதல்

கனடிய சிறு தொழில் நிதியளிப்புத் திட்டத்தின் கீழ், ஆண்டு வருவாய் 10 மில்லியன் டொலருக்கு மேற்படாத தொழில்கள் வங்கிகள் வழியாகக் கடன் பெறலாம். இயந்திரம் வாங்கவும் வாடகை இடத்தைச் சீரமைக்கவும் இக்கடன் உதவும். பங்குகளை வாங்க உதவாது. ஏனைய கடன்களுக்கு வங்கிகள் தனிப்பட்ட பிணையும் வீட்டு ஈடும் கேட்கக்கூடும். கையெழுத்திடுவதன் பொருளை வாழ்க்கைத் துணையும் முழுமையாக அறிந்திருத்தல் அவசியம்.

விலையில் ஒரு பகுதியை விற்பவரே கடனாக விட்டு, சில ஆண்டுகளில் தவணையாகப் பெறுவதும் வழக்கமே. தொழில் நிலைப்பதில் அப்போது அவருக்கும் அக்கறை இருக்கும். ஒரு டொலரையும் விட்டுவைக்க மறுப்பவரிடம் அதற்கான காரணத்தைக் கேளுங்கள்.

உதவி பெறுதல்

வலய விதி, கழிவு நீர் பற்றிய வினாக்களுக்கு 311 என்ற இலக்கத்தை அழைக்கலாம்; மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கோரலாம். யங் வீதி 789ஆம் இலக்கத்திலுள்ள ரொறொன்ரோ உசாத்துணை நூலகத்தில் தொழில் சார்ந்த தரவுகளைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாக 30 நிமிடங்கள் வரை இலவச ஆலோசனை பெறலாம். முற்பணம் கொடுக்குமுன் உங்களுக்கென ஒரு சட்டத்தரணியையும் கணக்காளரையும் அமர்த்துங்கள். விற்பவரின் ஆலோசகர் உங்கள் ஆலோசகர் ஆகார்.

இறுதியாக ஒரு தாளில் இரு பத்திகள் வரையுங்கள். விற்பவருடன் செல்வன ஒருபுறம். கூடத்தில் எஞ்சுவன மறுபுறம். கேட்கப்படும் விலையை எஞ்சுவனவற்றுடன் மட்டும் ஒப்பிடுங்கள். அவ்விலை மிகையாகத் தோன்றினால், குறைத்துக் கேட்கவும், வேண்டாம் என்று திரும்பவும் உங்களுக்கு உரிமை உண்டு.