இரத்தக் கொதிப்பும் வீட்டார் கடமையும்

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரிலிருந்து மைசூருக்கு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. இரத்தக் கொதிப்புக்குத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒருமுறை கோயில் திருவிழாவுக்காகச் சொந்த ஊர் போனபோது மாத்திரை அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டார். பத்து நாள் மாத்திரை இல்லாமல் இருந்தும் உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை. "இது இல்லாமலே நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று திரும்பி வந்த பிறகும் தொடவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் அவருக்கு வலது கை தூக்க வரவில்லை. வாய் கோணி, பேச்சும் குழறியது.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பி.பி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா?" என்பதுதான். மகன் மனைவியைப் பார்த்தார். மருமகள், "மாமாவே எடுத்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன்" என்றார். அந்த அம்மாளோ, "பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்" என்றார். அன்புக்குக் குறைவில்லாத குடும்பம்தான். ஆனால் மாத்திரை நின்று நான்கு மாதம் ஆனது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தை நாம் அறிவோம். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். முதல் மூன்றும் இன்று எளிதில் அமைந்துவிடுகின்றன. நான்காவது கூறுதான் பல வீடுகளில் இல்லை. இந்தக் கட்டுரை அந்த நான்காமவருக்காக எழுதப்படுகிறது.

தினமும் ஏன் சாப்பிட வேண்டும்?

காய்ச்சல் மாத்திரை வேறு, கொதிப்பு மாத்திரை வேறு. காய்ச்சல் போனால் மாத்திரையும் போகலாம். கொதிப்பு மாத்திரை நோயை அடியோடு நீக்குவதில்லை; சாப்பிடும் நாள்வரை அழுத்தத்தை அடக்கி வைக்கிறது. நிறுத்தினால் அழுத்தம் பழைய இடத்துக்கே ஏறிவிடும். ஏறுவது நமக்குத் தெரியாது என்பதுதான் ஆபத்து. 140க்கு 90 என்ற அளவைத் தாண்டிய பலருக்குத் தலைவலியோ மயக்கமோ வருவதில்லை. ஆனால் மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் இரத்தக் குழாய்கள் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே வரும். ஆகவே "நன்றாக இருக்கிறேன்" என்பது மாத்திரையை நிறுத்துவதற்குக் காரணம் அல்ல.

சிலர், "இங்கிலீஷ் மருந்துதான் ஆளைப் பிடித்துக்கொள்கிறது, நாட்டு மருந்து அப்படி அல்ல" என்பார்கள். நம் நாட்டுச் சர்ப்பகந்தா வேர் கொதிப்பைக் குறைப்பதைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் ஆராய்ந்து எழுதி உலகுக்குத் தெரிவித்தார். அந்த வேரும் அழுத்தத்தை அடக்கியதே அன்றி நோயை அடியோடு நீக்கவில்லை. நாள்பட்ட நோயில் பெரும்பாலான மருந்துகளுக்கும் இதுவே இயல்பு.

விட்டுவிடுவது யாருடைய குற்றம்?

நாள்பட்ட நோய்களுக்கு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவோர், வசதி மிக்க நாடுகளில்கூடச் சராசரியாகப் பாதிப்பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. ஆகவே மறந்தவரைத் திட்டிப் பயனில்லை. காரணம் என்ன என்று கேட்க வேண்டும்.

ஒருவருக்கு மாத்திரையால் கால் வீங்கியிருக்கும். அம்லோடிபின் சிலருக்கு அப்படிச் செய்யும். இன்னொருவருக்கு எனலாபிரில், ராமிபிரில் வகையால் வறட்டு இருமல் வந்திருக்கும். மாற்று மருந்துகள் உண்டு. மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். சொல்லாமல் நிறுத்துவதுதான் தவறு. அடினோலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் ஆபத்து அதிகம்.

மற்றொருவருக்குச் செலவு பயமாக இருக்கும். பென்ஷன் இல்லாத பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்கக் கூச்சப்பட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுவதும் உண்டு. அரசு ஆஸ்பத்திரிகளிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும், 2022 டிசம்பரில் கர்நாடக அரசு தொடங்கிய 'நம்ம கிளினிக்'குகளிலும் கொதிப்பு மாத்திரை இலவசம். மக்கள் மருந்தகமாகிய ஜன் ஔஷதி கடைகளில் விலை மிகவும் குறைவு.

நம்மவர்களுக்கு மொழியும் ஒரு தடை. பிள்ளைகளோடு இருக்க அண்மையில் ஊரிலிருந்து வந்த தாய் தந்தையருக்குக் கன்னடம் புரியாது. "திண்டி ஆத மேலே" என்றால் காலைப் பலகாரத்துக்குப் பின், "ஊட்டா ஆத மேலே" என்றால் சாப்பாட்டுக்குப் பின் என்று யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். மருத்துவர் "நில்லிசபேடி" என்பார். "நிறுத்தாதீர்கள்" என்பது பொருள். மற்றச் சொற்கள் மறந்தாலும் இந்த ஒரு சொல்லை மறக்க வேண்டாம்.

வீட்டார் செய்யக்கூடியவை

1. வீட்டில் ஒருவரைப் பொறுப்பாளராக வையுங்கள். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் ஒருவரும் பார்க்கமாட்டார்கள். பள்ளிக்குப் போகும் பேரனோ பேத்தியோ கூட இதைச் செய்யலாம். தாத்தா பாட்டிக்கும் அது பிடிக்கும்.

2. தினமும் தவறாமல் நடக்கும் ஒரு காரியத்தோடு மாத்திரையைச் சேர்த்துவிடுங்கள். காலைக் காப்பி, பூஜை, பல் துலக்குவது எதுவாகவும் இருக்கலாம். காலையா இரவா என்ற கேள்விக்கு, இங்கிலாந்தில் 21,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2022இல் வெளியான 'டைம்' ஆய்வு, இதய நோயும் பக்கவாதமும் வருவதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று காட்டியது. மறக்காத வேளையே நல்ல வேளை. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை மட்டும் காலையில் சாப்பிட்டால் இரவுத் தூக்கம் கெடாது.

3. ஏழு அறைகள் உள்ள மாத்திரை டப்பா ஒன்று வாங்கி ஞாயிறுதோறும் நிரப்புங்கள். இல்லையேல் நாட்காட்டியில் தினமும் ஒரு கோடு போடுங்கள். சாப்பிட்டோமா இல்லையா என்ற சந்தேகம் தீரும்.

4. அட்டையில் ஏழு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த அட்டையை வாங்குங்கள்.

5. மாத்திரைகள் பல இருந்தால் குறைக்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இலங்கையில் 700 நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஐம்பத்தைந்து பேருக்கே வந்தது.

6. மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற மாத்திரைகளைத் தாமாக வாங்கிச் சாப்பிடவிடாதீர்கள். இருமலுக்கு அதிமதுரத்தை நாள்கணக்கில் சுவைப்பதும் கூடாது. இவை அழுத்தத்தை ஏற்றும். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பையும் குறையுங்கள்.

விருந்தும் பயணமும்

பெரும்பாலும் மாத்திரை நிற்பது இந்த இரண்டு வேளைகளில்தான். தசரா நாட்களில் வீடு நிறைய விருந்தாளிகள்; அந்த அமளியில் அட்டை எங்கோ போய்விடும். ஊருக்குப் போகும்போது பட்டுப்புடவையும் பலகாரமும் பெட்டியில் ஏறும், மாத்திரை ஏறாது. போகும் நாட்களைவிட ஐந்து நாள் அதிகமாக எடுத்து, பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். மருத்துவரின் சீட்டையும் கூடவே வையுங்கள். விரத நாளில் எப்படிச் சாப்பிடுவது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவேளை தவறிவிட்டால், நினைவு வந்த உடன் அன்றே சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிட வேண்டும். இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒன்றாகச் சாப்பிடக்கூடாது. முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

அரசும் நாமும்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள், நம் எல்லையை அடுத்த கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று அழுத்தம் பார்க்கிறார்கள். மாத்திரையையும் கையில் கொடுக்கிறார்கள். கர்நாடகத்திலும் 2024இல் 'கிருஹ ஆரோக்கிய' என்ற வீடு தேடி வரும் திட்டம் தொடங்கியிருக்கிறது. ஆஷா பணியாளர் கதவைத் தட்டினால், "எங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடாதீர்கள். கையை நீட்டி அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எந்தத் திட்டமும் தினமும் காலையில் நம் வீட்டுக்கு வராது. தினமும் வீட்டில் இருப்பவர்கள் நாம்தாம்.

நான் சொன்ன பெரியவர் பிழைத்துக்கொண்டார். கோல் ஊன்றி நடக்கிறார்; பேச்சும் பெரும்பாலும் திரும்பிவிட்டது. இப்போது காலையில் காப்பி கொடுக்கும்போதே பேத்தி மாத்திரையையும் நீட்டுகிறாள். அவர் விழுங்கிய பிறகு நாட்காட்டியில் ஒரு கோடு போடுகிறாள். அந்தக் கோடு முன்பே போடப்பட்டிருக்கலாம் என்பதுதான் அவர்களுடைய வருத்தம். உங்கள் வீட்டில் கொதிப்பு மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், இந்த இதழை மூடி வைத்துவிட்டு இன்றே கேளுங்கள்: "அப்பா, இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டீர்களா? அட்டையில் எத்தனை மிச்சம் இருக்கிறது?"