பயிற்சி நிலை மனநல ஆலோசகரிடம் போகலாமா?



காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் ஓடுகிறோம். வீட்டில் ஒருவர் வாரக்கணக்கில் தூக்கமின்றி அழுதுகொண்டிருந்தால் மட்டும் "ஈமான் குறைந்துவிட்டது" என்கிறோம். மகன் யூஸுஃப் (அலை) அவர்களைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் கூறுகிறது. ஒரு நபிக்கே அந்தத் துயரம் வந்தது. எனவே துயரம் ஈமானின் குறையல்ல.

மனநோய்க்குச் சிகிச்சை தேடுவதும் நமக்குப் புதிதல்ல. கி.பி. 934-இல் மறைந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தோடு மனநலத்தையும் சேர்த்து நூல் எழுதினார். காரணம் தெரிந்த கவலை வேறு, காரணமே தெரியாமல் வரும் கவலை வேறு என்று பிரித்துக் காட்டினார்.

இன்று ஆலோசனை மையத்தில் நம்மை முதலில் சந்திப்பவர் பயிற்சியில் இருப்பவராக இருக்கக்கூடும். "படிக்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்?" என்று தயங்க வேண்டாம். உளவியல் படித்த அவர், மூத்த நிபுணர் ஒருவரின் மேற்பார்வையில்தான் நம்மைப் பார்க்க வேண்டும். தான் பயிற்சியாளர் என்பதை முதலிலேயே சொல்லவும் வேண்டும்.

அவர் உபதேசம் செய்வதில்லை, முதலில் கேட்கிறார். ஓர் உதாரணம்: கணவர் வளைகுடாவில் இருக்கிறார். இரண்டு நாளாகப் போன் இல்லை. "என்னை வெறுத்துவிட்டார்" என்ற எண்ணம் வந்ததும் மனைவிக்கு நெஞ்சு படபடக்கிறது. "அப்படி நினைக்க என்ன ஆதாரம்? வேறு காரணம் இருக்கலாமா?" என்று ஆலோசகர் கேட்பார். எண்ணம் தெளிந்தால் படபடப்பும் தணியத் தொடங்கும். 1960-களில் ஆரன் பெக் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த முறை இது. கவலைக்கு எதிராக நல்ல எண்ணங்களை முன்கூட்டியே சேமித்து வைக்கச் சொன்ன அல்பல்கீயின் கருத்துக்கு இது நெருக்கமானது.

நாம் சொல்வது அமானிதம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இந்த இரகசியத்தைக் காக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சட்டம் அனுமதிக்கும் சில சூழல்களில் மட்டும் உரியவர்களிடம் சொல்லலாம்.

போகும்போது தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்:

1. உங்களை மேற்பார்வையிடுபவர் யார்? (மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா?)
2. நான் சொல்வதை யாரிடமெல்லாம் பகிர்வீர்கள்?
3. தொழுகை, பர்தா, குடும்ப முறை ஆகியவற்றை மதித்துப் பேசுவீர்களா?
4. பெண்களுக்குப் பெண் ஆலோசகர் உண்டா?

மாத்திரை எழுதித்தருவது மனநல மருத்துவரின் வேலை, ஆலோசகர் தரக்கூடாது. ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. துஆவும் ஓதலும் தொடரட்டும். சிகிச்சை அவற்றுக்கு எதிரானதல்ல.

"வாழவே பிடிக்கவில்லை" என்று வீட்டில் யாராவது சொன்னால் திட்டாதீர்கள்; தனியே விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அல்லாஹ் நம் இல்லங்களுக்கு மன அமைதியைத் தருவானாக. ஆமீன்.