.32 ரிவால்வர் போதுமா?

கேள்வி: மாமல்லபுரம் அருகே தனித்த பண்ணை வீட்டுக்குச் சிறிய கைத்துப்பாக்கி தற்காப்பாகுமா?

பதில்: 9 மி.மீ., .38 அளவுக் கைத்துப்பாக்கிகள் இரண்டும் இந்தியாவில் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. எஞ்சுவது பெரும்பாலும் .32 ரிவால்வர், கான்பூர் ஆலைத் தயாரிப்பில் ஆறு தோட்டாக்கள். அதன் தோட்டாவின் ஆற்றல் 9 மி.மீ. தோட்டாவினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கிட்டத்தில் உயிரையே பறிக்கும். ஆனால் பாய்ந்து வருபவரை அந்தக் கணமே நிறுத்தும் என்ற உறுதி இல்லை. குறி பிசகினால் பெரிய துப்பாக்கியும் வீண்தான். கடலோர உப்புக்காற்றில், எண்ணெய் காணாத உருளை துருவேறிச் சுழல மறுக்கும். உரிமத்துக்குச் செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்து, உயிருக்கு ஆபத்து இருப்பதைக் காட்ட வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கி ஒப்படைக்கப்பட்டு, பெரும்பாலும் காவல் நிலையத்தில்தான் கிடக்கும்! தேவைக்கு மீறிய பலத்தைத் தற்காப்பாகச் சட்டம் ஏற்பதில்லை. பண்ணை வீட்டுக்கு நல்ல பூட்டு, விளக்கு, நாய், 112 அவசர எண் ஆகியவையே முதல் காப்பு.