முதல் பிக்கப் வாங்கும் தம்பி தங்கைகளுக்கு

டெக்சஸுக்கு வேலைக்கு வந்த நம் பிள்ளைகள் வீடு வாங்கிய கையோடு ஆசைப்படுவது பெரிய பிக்கப்புக்குத்தான். அதில் தப்பில்லை. ஊரே அதில்தான் போகிறது. ஃபோர்டின் எஃப் வரிசை மட்டும் 1977-லிருந்து இந்த நாட்டில் அதிகம் விற்கும் பிக்கப்பாக இருக்கிறது. ஆனால் ஷோரூமில் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டு, பாரம் ஏற்றும் நாளில் திகைத்து நிற்கிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பிக்கப் உழைக்கிற வண்டி. அதனிடம் என்ன வேலை வாங்கப் போகிறோம் என்று தெளிவாகிவிட்டால் எந்த வண்டி என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும். எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1. வேலையை முதலில் எழுதுங்கள்.

எத்தனை பேர் ஏறுவார்கள், என்ன ஏற்றுவீர்கள், எதை இழுப்பீர்கள், எங்கே நிறுத்துவீர்கள்? இந்த நான்குக்கும் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பதில் எழுதுங்கள். "ஒருநாள் படகு வாங்கினால்" என்ற கற்பனைக்கு இடம் கொடுக்காதீர்கள். வருஷத்துக்கு இரண்டு தரம் சோபா தூக்குவதுதான் வேலை என்றால் ஹோம் டிப்போவில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். சொந்த வண்டி தேவையில்லை.

2. எந்த வகுப்பு என்று முடிவு செய்யுங்கள்.

எஃப்-150, சில்வராடோ 1500, சியரா 1500, ராம் 1500, டொயோட்டா டுன்ட்ரா ஆகியவை அரை டன் வகுப்பு. எஃப்-250, 2500 என்றால் முக்கால் டன். எஃப்-350, 3500 என்றால் ஒரு டன். இந்தப் பெயர்களெல்லாம் பழைய காலத்துக் கணக்கு. இன்றைய அரை டன் வண்டி அதைவிட நிறையவே தாங்கும். குடும்பத்துக்கும் தோட்ட வேலைக்கும் அதுவே போதும். வாராவாரம் 10,000 பவுண்டு ட்ரெய்லர் இழுக்கிறவர்கள் முக்கால் டன்னுக்குப் போங்கள். அது வெறும் வண்டியாக ஓடும்போது தூக்கித் தூக்கிப் போடும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

3. கதவோரத்து ஸ்டிக்கரைப் படிக்காமல் எந்த வண்டியையும் வாங்காதீர்கள்.

நான் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் மஞ்சள் பட்டை போட்ட ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். டயர் அளவு, காற்றழுத்தம் இவற்றோடு, ஏறும் ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று ஓர் எண் அச்சடித்திருக்கும். அது அந்த மாடலுக்கான பொது எண் இல்லை, அந்த ஒரு வண்டிக்கான எண். ஒரே லாட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு எஃப்-150-க்கு இடையே நூற்றுக்கணக்கான பவுண்டு வித்தியாசம் இருக்கும். சன்ரூஃப், மின்சாரப் படி, பெரிய கேபின், நான்கு சக்கர இயக்கம் என்று எது கூடினாலும் வண்டியின் சொந்த எடை கூடும், ஏற்றக்கூடிய பாரம் குறையும். விலை உயர்ந்த வண்டிதான் பல சமயம் குறைவாகச் சுமக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டிக்கரில் 1,500 பவுண்டு. ஓட்டுகிறவர் 180, மனைவி 140, ஊரிலிருந்து வந்த அப்பா 150, அம்மா 140, பிள்ளை 60. ஆட்களே 670. பின்னால் 6,000 பவுண்டு கேம்பர் ட்ரெய்லர். சாதாரண ட்ரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச் வழியாக வண்டியின் மேல் இறங்கும். 12 சதவீதம் என்று வைத்தால் 720. மொத்தம் 1,390. மிச்சம் 110 பவுண்டு. ஐஸ் பெட்டியும் இரண்டு சூட்கேஸும் வைத்தால் தீர்ந்தது. விளம்பரம் 11,000 பவுண்டு இழுக்கும் என்று சொல்லியிருக்கும். அந்த எண்ணைக் கணக்கிடும்போது ஆளுக்கு 150 பவுண்டு வீதம் இரண்டே பேர் உட்கார்ந்திருப்பதாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஐந்து பேர் குடும்பத்துக்கு அது பொருந்தாது. எல்லை மீறினால் முதலில் பின்பக்கம் தாழும், பிறகு பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், வெயிலில் டயர் வெடிக்கவும் கூடும். உள்ளே இருப்பது உங்கள் பிள்ளைகள்.

மண், ஜல்லி ஏற்றுகிறவர்களும் கவனிக்க வேண்டும். ஒரு கன கெஜம் ஜல்லி 2,500 பவுண்டைத் தாண்டும். பின்தொட்டியில் இடம் இருக்கிறது என்பதற்காக அதை அரை டன் வண்டியில் கொட்டச் சொல்லாதீர்கள்.

4. தொட்டியின் நீளமும் கேபினும்.

பின்தொட்டி பொதுவாக மூன்று நீளத்தில் வரும்: ஐந்தரை, ஆறரை, எட்டு அடி. குடும்ப வண்டி என்றால் நான்கு முழுக்கதவு உள்ள க்ரூ கேபும் ஐந்தரை அடித் தொட்டியும்தான் எல்லோரும் எடுக்கிறார்கள். 4-க்கு 8 அடி ப்ளைவுட் பலகை அடிக்கடி ஏற்றுகிறவர்கள் ஆறரையாவது பார்க்கட்டும். சொந்தத் தொழிலுக்கு வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். தொட்டி 6 அடிக்குக் குறைந்தால் செக்‌ஷன் 179 வரிக்கழிவுக்குத் தனியாகக் குறைந்த உச்சவரம்பு உண்டு. நீளத்தை முடிவு செய்யுமுன் உங்கள் சிபிஏவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

5. எஞ்சினை விசுவாசத்துக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

வி8 சத்தத்துக்கு மயங்குகிறவர்கள் உண்டு. இன்றைய இரட்டை டர்போ வி6 எஞ்சின்கள் இழுவையில் அதற்குக் குறைந்தவை இல்லை. ட்ரெய்லர் இழுக்கப் போகிறீர்கள் என்றால் ஆக்சில் ரேஷியோவை, அதாவது அச்சின் பல்சக்கர விகிதத்தை, கேட்டு வாங்குங்கள். 3.21-ஐவிட 3.73, 3.92 போன்றவை நன்றாக இழுக்கும், பெட்ரோல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். எஃப்-150 ஹைப்ரிடில் 7.2 கிலோவாட் வரை மின்சாரம் தரும் ஜெனரேட்டர் வசதி உண்டு. 2021 பிப்ரவரிப் பனியில் டெக்சஸ் இருண்டு கிடந்தபோது அந்த வண்டிகள் சில வீடுகளுக்கு விளக்கும் ஹீட்டரும் கொடுத்தன. நம் ஊருக்கு அது வீண் செலவில்லை. அடியோடு புதிதாக வடிவமைத்த எஞ்சினோ மாடலோ வந்தால் முதல் வருஷம் மட்டும் பொறுத்திருங்கள்.

6. நான்கு சக்கர இயக்கம் எல்லோருக்கும் வேண்டியதில்லை.

ஹூஸ்டன், டல்லாஸ் சாலைகளில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு இரண்டு சக்கர இயக்கம் போதும். விலையும் குறையும், பாரமும் கூடுதலாக ஏற்றலாம். சேற்று நிலம், படகுத் துறை, பனி விழும் மாநிலம் என்றால் அவசியம் எடுங்கள். பனியில் கிளம்பத்தான் அது உதவும், நிறுத்த உதவாது. நிறுத்துவது நல்ல டயரும் நிதானமும்தான்.

7. வீட்டோடு போய் ஓட்டிப் பாருங்கள்.

அம்மா அப்பா ஊரிலிருந்து வந்து ஆறு மாதம் தங்குவார்கள். புடவையோடு அம்மா அந்த உயரத்துக்கு ஏற முடிகிறதா, பிடித்துக்கொள்ளக் கைப்பிடி எட்டுகிறதா என்று ஷோரூமிலேயே ஏறி இறங்கச் சொல்லுங்கள். குழந்தை சீட்டைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். காரேஜை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். க்ரூ கேப் வண்டி 19 அடியைத் தாண்டும், பல வீட்டுக் காரேஜ் 20 அடி ஆழம்தான்.

பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, வண்டிக்கு முன்னால் பிள்ளையை நிற்க வைத்துப் பாருங்கள். தலை தெரிகிறதா? முகப்பு உயரம் 40 அங்குலத்தைத் தாண்டிய வண்டி மோதினால் நடந்து போகிறவர் இறக்கும் வாய்ப்பு, தாழ்ந்து சரிந்த முகப்புள்ள காரைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம் என்று ஐஐஎச்எஸ் என்ற காப்பீட்டுத் துறை ஆய்வு அமைப்பு 2023-இல் சொன்னது. முன்கேமராவும் தானியங்கி பிரேக்கும் உள்ள வண்டியையே வாங்குங்கள்.

8. மாதத் தவணையைப் பேசாதீர்கள், மொத்த விலையைப் பேசுங்கள்.

"மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். வரி, பதிவு, ஆவணக் கட்டணம் எல்லாம் சேர்த்து வண்டியை வெளியே எடுக்க எவ்வளவு என்று மூன்று நான்கு டீலர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். 60,000 டாலர் வண்டிக்கு டெக்சஸ் விற்பனை வரி 6.25 சதவீதமே 3,750 டாலர். தயாரிப்பாளரின் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் டீலர் ஒட்டும் இரண்டாவது தாளில் டயரில் நைட்ரஜன், பெயின்ட் பூச்சு என்று இருப்பவற்றை வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

9. கடனைச் சுருக்குங்கள்.

60,000 டாலரை 7 சதவீத வட்டிக்கு 84 மாதக் கடனாக வாங்கினால் மாதம் சுமார் 905, மொத்த வட்டி சுமார் 16,000. அதையே 60 மாதத்தில் கட்டினால் மாதம் சுமார் 1,188, வட்டி சுமார் 11,300. ஐந்து வருஷத் தவணை கையைக் கடிக்கிறது என்றால் அந்த வண்டி உங்களுக்கு மீறியது. விரலுக்கேற்ற வீக்கம் போதும், ஒரு படி கீழே உள்ளதை எடுங்கள். டீலரிடம் போகுமுன் உங்கள் கிரெடிட் யூனியனில் கடனுக்கு ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

10. கையெழுத்துக்கு முன்னும் பின்னும்.

மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒரு நம்பிக்கை நம்மிடையே சுற்றுகிறது. டீலரின் சொந்த இடத்தில் வாங்கிய வண்டிக்கு அப்படி ஒரு கூட்டரசுச் சட்டம் கிடையாது. அதனால் ஒவ்வொரு தாளையும் படியுங்கள். அவசரப்படுத்தினால் எழுந்து வீட்டுக்கு வந்துவிடுங்கள். வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்-ஐக் கூட்டரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் போட்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். பகல் வெளிச்சத்தில் வண்டியைச் சுற்றி வந்து வாங்குங்கள். வாங்கிய வாரமே ட்ரெய்லர் மாட்டாதீர்கள். தொடக்கத்தில் 500 முதல் 1,000 மைல் வரை பாரம் இழுக்க வேண்டாம் என்று கையேடுகள் சொல்வதைக் கேளுங்கள். கணக்குப் பார்த்து வாங்கி, எல்லைக்குள் பாரம் ஏற்றி, வேளைக்கு எண்ணெய் மாற்றினால் நல்ல பிக்கப் பதினைந்து வருஷம்கூட உழைக்கும். நல்லபடியாக வாங்குங்கள், பத்திரமாக ஓட்டுங்கள்.