முதல் அரைமணி நேரம் கேமரா பையிலேயே இருக்கட்டும்

“பள்ளிக்கரணைக்குப் போனேன் சார், தூரத்தில் வெள்ளையாக ஏதோ நின்றது, அவ்வளவுதான்.” இப்படிச் சொல்பவர்களிடம் நான் இரண்டு கேள்வி கேட்பேன். எந்த மாதம் போனீர்கள்? ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் நின்றீர்கள்?

பறவைகள் தண்ணீரின் ஆழத்தைப் பார்த்துத்தான் இடம் பிடிக்கின்றன. தென்சென்னை ஏரிகள் பலவற்றின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து ஒக்கியம் மடுவு வழியாக வடிகிறது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கிடக்கும்போது வாத்துகளுக்கும் நாமக்கோழிகளுக்கும் கொண்டாட்டம். உள்ளான்களுக்குக் கால் ஊன்ற இடம் இராது. மழை ஓய்ந்து நீர் வற்ற வற்றச் சேறு வெளியே தெரியும். நெடுங்கால் உள்ளானையும் பூநாரையையும் பார்க்க அதுவே நேரம். புதியவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கலாம். விடிந்ததும் போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் நீர்ப்பரப்பின் மேல் கானல் அலையும்; எவ்வளவு விலையுள்ள லென்ஸ் போட்டாலும் படம் கலங்கித்தான் வரும்.

ரேடியல் சாலையில் வண்டியை ஓரங்கட்டி எட்டிப் பார்ப்பது வேண்டாம், லாரிகள் பறக்கும் சாலை அது. வனத்துறையின் சூழலியல் பூங்கா நடைபாதை போதும். நடைப்பயிற்சியும் வேண்டுமென்றால் வேக நடையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். பிறகு கோரை அடர்ந்த ஒரு மூலையாகப் பார்த்து, கேமராவை எடுக்காமல் அரைமணி நேரம் நில்லுங்கள். 8x42 பைனாகுலர் ஒன்று கையில் இருந்தால் போதும்.

முதல் பத்து நிமிடம் ஒன்றும் இராது. பிறகு கோரை அசையும். நீலத்தாழைக்கோழி வெளியே வந்து, ஒரு தண்டைப் பிடுங்கி, கிளியைப்போல ஒரு காலால் தூக்கிப் பிடித்து, மேல்தோலை உரித்துவிட்டு உள்ளே இருக்கும் வெண்மையான குருத்தைத் தின்னும். சிவந்த அலகும் நீண்ட விரல்களும் அவ்வளவு அழகு! நடந்துகொண்டே இருப்பவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது.

அதன் வாலையும் கவனியுங்கள். வாலை வெடுக் வெடுக்கென்று தூக்கி அடியிலுள்ள வெள்ளையைக் காட்டத் தொடங்கினால் அது பதறுகிறது என்று பொருள். எந்தப் பறவையானாலும் மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்த்திவிட்டால் அதற்கு மேல் ஓர் அடிகூட வைக்காதீர்கள். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து உடம்பு தேற்றிக்கொள்ளும் பறவையை ஒரு படத்துக்காகக் கிளப்பிவிடுவது அநியாயம். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் அப்படித்தான்.

படம் எடுக்க, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பறவையின் கண் உயரத்துக்குக் குனிந்து எடுங்கள். பறப்பதை எடுக்க ஷட்டர் வேகம் 1/2000 வேண்டும். கொக்கை எடுக்கும்போது எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறையுங்கள். இல்லாவிட்டால் பின்னணியின் கரும்பச்சையை நம்பிக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகின் வரிகள் வெள்ளையில் கரைந்துபோகும்.

பெயர் தெரியாதவற்றை நோட்டில் வரைந்துவையுங்கள். நீளவால் இலைக்கோழி பலரைக் குழப்பும், ஏனென்றால் குளிர்காலத்தில் அதற்கு அந்த நீளவாலே இருப்பதில்லை. அடுத்த வாரமும் அதே மூலைக்கே போங்கள். நீர் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.