ஒப்புதல்

காவிரியின் கிளையாகிய குடமுருட்டியாற்றின் கரையில், கும்பகோணத்திற்குத் தெற்கே, நெல்வயல்கள் சூழ அமைந்த ஊர் வலங்கைமான். முன்னாளில் தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. இங்குள்ள மாரியம்மன் கோயிலில் பங்குனித் திங்களில் நடைபெறும் பாடைக்காவடித் திருவிழா பெயர் பெற்றது. கொடிய நோயில் வீழ்ந்து, இனிப் பிழைப்பது அரிது என்று உற்றார் கலங்கிய வேளையில் அம்மனை வேண்டிக்கொண்டு, பின்னர் நலம் பெற்றவர்கள், உயிரற்றவர்போல் பாடையிற் படுத்து, உறவினர் சுமந்துவரக் கோயிலை அடைந்து தம் நேர்த்திக்கடனைச் செலுத்துவார்கள். சாவின் வாயில்வரை சென்று மீண்டவர்களை ஆண்டுதோறும் கண்ணாரக் காணும் ஊர் அது.

அவ்வூரில், பொருள் வளம் இல்லாத வைதிகக் குடும்பம் ஒன்றில், 1869ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் பிறந்தவர் மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். கும்பகோணத்தில் கல்வி பயின்று, ஆசிரியத் தொழிலை மேற்கொண்டு, சென்னைத் திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக விளங்கினார். 1907ஆம் ஆண்டில் அப்பதவியைத் துறந்து, கோபால கிருஷ்ண கோகலே புனாவில் நிறுவியிருந்த இந்திய ஊழியர் சங்கத்திற் சேர்ந்தார். 1915ஆம் ஆண்டில் கோகலே மறைந்தபின் அச்சங்கத்தின் தலைமை இவரை வந்தடைந்தது. ஆங்கில மொழியை ஆங்கிலேயரும் வியக்குமாறு கையாண்டவர். வெள்ளிநாவினர் என்று உலகம் இவரைப் போற்றியது. அவருடைய வரலாறு முழுவதையும் இங்கே கூறப்புகவில்லை. நோயுற்ற நண்பர் ஒருவரின் படுக்கையருகே ஓரிரவு அவர் செய்த பணியை மட்டும் காண்போம். அந்நண்பர் காந்தியடிகள்.

நோயுற்றவன் முன் எப்பொழுதும் சில வினாக்கள் நிற்கின்றன. இன்றே மருத்துவரிடம் செல்வதா, நாளைப் பார்த்துக்கொள்ளலாமா? அருகிலிருப்பவரிடம் செல்வதா, நமக்குப் பழக்கமான மருத்துவர் வரும்வரை பொறுப்பதா? அவர் கத்தியை எடுக்க வேண்டும் என்றால் அதற்கு இசைவதா? உடல் நலமாக இருக்கும்போது இவ்வினாக்களுக்கு விடை கூறுவது எளிது. வலியும் காய்ச்சலும் வருத்தும்போதோ, எழுந்து வாயிற்படியைக் கடப்பதே பெரும்பாடாகிவிடும். மருத்துவரிடம் போகவேண்டிய தேவை மிகும் நேரத்தில்தான் போவதற்கு மனம் மறுக்கிறது! இந்த முரண்பாட்டை அனுபவியாத குடும்பம் இல்லை.

அடிகளைப் பற்றியது குடல்வால் அழற்சி என்னும் நோய். அதன் இயல்பைச் சிறிது அறிந்துகொண்டால் அன்றைய முடிவின் அருமை விளங்கும். பெருங்குடல் தொடங்குமிடத்தில் விரல்போல் ஒரு சிறு குழாய் தொங்குகிறது. அதற்குக் குடல்வால் என்று பெயர். அதன் வாய் அடைபட்டு உள்ளே சீழ் பிடிக்குமாயின், முதலில் தொப்புளைச் சுற்றி வலி தோன்றும். சில மணி நேரத்தில் அவ்வலி அடிவயிற்றின் வலப்புறத்திற்கு இறங்கி அங்கே நிலைகொள்ளும். உணவில் வெறுப்பு, குமட்டல், காய்ச்சல் ஆகியவை தொடரும். குழாய் வெடித்தால் சீழ் வயிற்றுக்குள் பரவி உயிருக்கே இறுதி விளைவிக்கும். 1886ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரத்து மருத்துவர் ரெஜினால்டு ஃபிட்ஸ் என்பவர் இந்நோயின் காரணத்தைத் தெளிவுபடுத்தி, உரிய காலத்தில் அறுத்து நீக்குவதே தக்க வழி என்று எடுத்துரைத்தார். அதற்கு முன்னர் எத்தனையோ பேர் வயிற்றுவலி என்ற பொதுப் பெயரால் மாண்டுபோயினர்.

நம் வீடுகளில் வயிறு வலிக்கிறது என்றவுடன் விளக்கெண்ணெயைக் கொடுத்து வயிற்றைக் கழியச்செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மலச்சிக்கலுக்கு அது உதவலாம். குடல்வால் வீங்கியிருக்கும்போது கொடுத்தாலோ, குடல் முறுக்கிப் பிசைந்து, வெடிக்கும் நிலையிலுள்ளதை வெடிக்கவே செய்துவிடும். அன்பினால் கொடுத்த மருந்தே தீங்காய் முடிவதுண்டு. சில வேளைகளில் வலி திடீரென்று தணிந்துவிடுவதும் உண்டு. குழாய் வெடித்து உள்ளழுத்தம் குறைந்ததே அதற்குக் காரணமாயிருக்கலாம். நோய் நீங்கிற்று என்று வீட்டார் மகிழ்ந்து மருத்துவமனைக்குச் செல்லாமல் இருந்துவிடுவார்கள். சில மணி நேரத்திற்குப் பின்னர் முன்னினும் கொடிய வலி வந்து தாக்கும்.

அரசரையும் இந்நோய் விட்டுவைக்கவில்லை. இங்கிலாந்தின் மன்னர் ஏழாம் எட்வர்டுக்கு 1902ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் முடிசூட்டு விழா குறிக்கப்பட்டிருந்தது. பல நாட்டு விருந்தினர் இலண்டனில் வந்து குழுமியிருந்தனர். அப்பொழுது மன்னரை இந்நோய் பற்றியது. குறித்த நாளில் விழாவிற்குச் சென்றே தீரவேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். அறுவை மருத்துவர் ஃபிரடெரிக் டிரீவ்ஸ் அதற்கு உடன்படவில்லை. இரண்டாண்டுகளுக்கு முன் இதே நோய்க்குத் தம் மகளைப் பறிகொடுத்தவர் அவர். மன்னரின் முன்னிலையில் அவர் உறுதி தளராமல் நின்றதற்கு அத்துயரமும் ஒரு காரணமாயிருந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது. முடிவில் மன்னர் இசைந்தார். ஜூன் 24ஆம் நாள் அறுவை நடந்தது. விழா ஆகஸ்டு 9ஆம் நாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டு இனிது நிறைவேறியது.

இனி அடிகளின் செய்திக்கு வருவோம். 1922ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆங்கில அரசாங்கம் அவரைச் சிறைப்படுத்தி ஆறாண்டுத் தண்டனை விதித்தது. புனாவை அடுத்த எரவாடாச் சிறையில் அவர் இருந்தார். 1924ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் அவருக்கு வயிற்றுவலியும் காய்ச்சலும் கண்டன. நோய் முற்றுவதைக் கண்ட அதிகாரிகள் ஜனவரி 12ஆம் நாள் அவரைப் புனாவிலுள்ள சாசூன் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தனர். அங்கே தலைமை மருத்துவராயிருந்த கர்னல் மேடக் என்னும் ஆங்கிலேயர் நோயாளியைச் சோதித்து, உடனே அறுவை செய்தாலன்றி உயிருக்கு ஆபத்து என்று கண்டார்.

அடிகள் மருத்துவமனைகளை விரும்பியவர் அல்லர். 1909ஆம் ஆண்டில் எழுதிய 'இந்திய சுயராஜ்யம்' என்னும் நூலில் மேனாட்டு மருத்துவத்தை அவர் கடுமையாகக் கண்டித்திருந்தார். இயற்கை மருத்துவத்திலும் உணவுக் கட்டுப்பாட்டிலும் அவருக்கு இருந்த பற்று நாடறிந்தது. முன்பு தமக்குச் சிகிச்சை செய்த டாக்டர் தலாலையும், டாக்டர் ஜீவராஜ் மேத்தாவையும் வரவழைக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். அரசாங்கம் அதற்குத் தடை சொல்லவில்லை. மேடக்கும் அவர்களை அழைக்க முயன்றார். ஆனால், அவர்கள் உரிய நேரத்திற்குள் கிட்டவில்லை. பொழுதோ போய்க்கொண்டிருந்தது. விடியும்வரை காத்திருந்தால் குடல்வால் காத்திருக்குமா?

மருத்துவருக்கும் இக்கட்டு சிறிதன்று. கைதியோ கோடிக்கணக்கான மக்கள் தந்தையெனக் கருதும் தலைவர். கத்தியைப் பிடிக்கப்போவதோ அவரைச் சிறையிலிட்ட அரசாங்கத்தின் ஊழியர். அறுவைக்குப்பின் ஏதேனும் நேர்ந்துவிட்டால், ஆங்கிலேயர் வேண்டுமென்றே கொன்றுவிட்டனர் என்று நாடு கொதித்தெழும். அதனை மேடக்கும் அறிந்திருந்தார், அடிகளும் அறிந்திருந்தார். அறிந்திருந்தும் ஒருவர் பொறுப்பை ஏற்க முன்வந்தார். மற்றவர் தம் உடலை அவரிடம் ஒப்புவிக்க முன்வந்தார். நாட்டு மக்களின் ஐயத்தைப் போக்க, நடந்ததை நேரில் கண்டு கூறத்தக்க நம்பகமான ஒருவர் வேண்டும். அதற்கு அடிகள் நாடியவர் சாஸ்திரியார்.

இதில் ஒரு வியப்பு உண்டு. சாஸ்திரியார் மிதவாதி. அடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை; ஏற்காததை வெளிப்படையாகவே கூறியும் வந்தார். தம் இயக்கத்தைச் சேர்ந்த ஒருவரையே அடிகள் அழைத்திருக்கலாம். எனினும், கருத்தில் வேறுபட்டும் நேர்மையிற் சிறிதும் வழுவாத ஒருவரின் சான்றை இருதரப்பாரும் நம்புவர் அல்லரோ! மேலும், இருவரும் ஒரே அகவையினர். சாஸ்திரியார் வலங்கைமானில் பிறந்த பத்தாம் நாள், அதாவது அக்டோபர் 2ஆம் நாள், அடிகள் போர்பந்தரில் பிறந்தார். தம்மினும் பத்து நாள் மூத்த சாஸ்திரியாரை அடிகள் தமையன்போல் மதித்தார்.

இரவு ஒன்பது மணியளவில் அழைப்பு வந்தது. சாஸ்திரியார் டாக்டர் பாடக் என்பவருடன் மருத்துவமனைக்கு விரைந்தார். அடிகள் சோர்ந்து படுத்திருந்தார். அறிவு மட்டும் தெளிவாக இருந்தது. ஒப்புதல் அறிக்கை ஒன்று எழுதப்பெற்றது. அடிகள் கருத்தைச் சொல்லச் சாஸ்திரியார் எழுதினார். கர்னல் மேடக் தம்மை மிகுந்த அன்புடன் கவனித்தார் என்பதும், அவரிடம் தமக்கு முழு நம்பிக்கை உண்டு என்பதும், தம் மருத்துவரை அழைத்துக்கொள்ள அரசாங்கம் இடமளித்தும் அவர்கள் கிடைக்கவில்லை என்பதும், இனித் தாமதித்தால் பேரிடர் நேரும் என்பது மேடக்கின் கருத்து என்பதும், ஆகவே அறுவைக்குத் தாம் இசைகிறார் என்பதும் அதன் பொருள். மேடக்கை அருகழைத்து, அது அவர் காதிலும் விழுமாறு மறுமுறை படிக்கச் செய்தார் அடிகள். பின்னர் முழங்கால்களை மடக்கி உயர்த்தி, அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் கையொப்பமிட்டார். கை மிகவும் நடுங்கியது. தம் பெயரின் இறுதி எழுத்தின்மேல் ஆங்கில வழக்கப்படி வைக்கவேண்டிய புள்ளியை அவர் வைக்கவில்லை என்பதைக்கூடச் சாஸ்திரியார் கவனித்து, பின்னர் எழுதிய குறிப்பில் பதிந்துள்ளார். பள்ளியாசிரியரின் கண் அல்லவா! கை நடுங்குவதை மருத்துவருக்குக் காட்டி, இதனை நீர்தாம் சரிசெய்ய வேண்டும் என்று அடிகள் நகைத்துப் பேச, வேண்டிய வலிமையை ஊட்டிவிடுவோம் என்று மேடக்கும் உற்சாகமாக விடையிறுத்தார்.

அறுவை அறையை ஆயத்தம் செய்வதற்காக மருத்துவர்கள் வெளியே சென்றனர். சற்று நேரம் இருவரும் தனித்திருந்தனர். சொல்ல விரும்புவது ஏதேனும் உண்டா என்று சாஸ்திரியார் கேட்டார். தம் நோயைக் காரணமாகக் கொண்டு விடுதலைக் கிளர்ச்சி நடப்பதைத் தாம் விரும்பவில்லை என்றும், அப்படி நடப்பினும் அது முறையாகவும் அகிம்சை வழியிலும் நடக்கவேண்டும் என்றும், அரசாங்கத்தோடு தமக்குள்ள பிணக்கு அப்படியே இருக்கிறது என்றும், ஆயினும் ஆங்கிலேயர்பால் தமக்கு அன்பு உண்டு என்றும் அடிகள் கூறினார். நாட்டு மக்களுக்கு ஒரு செய்தி தரலாகாதா என்று சாஸ்திரியார் வற்புறுத்தினார். அடிகள் மறுத்துவிட்டார். தாம் ஒரு கைதி; கைதிக்குரிய ஒழுங்கைக் காப்பது தம் கடமை; வெளியுலகிற்குச் செய்தி விடுப்பது அவ்வொழுங்கிற்கு மாறானது என்பது அவர் கூறிய காரணம். உயிர் பிழைப்பது உறுதியில்லாத அந்த நாழிகையிலும் சிறை விதியை மீற அவர் நினைக்கவில்லை.

அறுவை தொடங்கியது. நடுவில் மின்விளக்கு அணைந்துபோயிற்று. கைவிளக்கு ஒன்றைப் பிடித்தனர், அதுவும் அணைந்தது. இறுதியில் அரிக்கேன் விளக்கின் ஒளியிலேயே மேடக் தம் வேலையை முடித்தார். பெனிசிலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. புண்ணிற் சீழ் பிடித்தால் தடுப்பதற்கு இன்றுபோல் மருந்துகள் இல்லை. அடிகள் மெல்லமெல்லத் தேறினார். 1924ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 5ஆம் நாள், நிபந்தனை எதுவுமின்றி அரசாங்கம் அவரை விடுதலை செய்தது.

அன்று எழுதப்பெற்ற தாளைப் போன்றதொரு தாள் இன்று எந்த மருத்துவமனையிலும் அறுவைக்கு முன் நோயாளியிடம் நீட்டப்படுகிறது. பெரும்பாலோர் அதனைப் படிப்பதில்லை. காட்டிய இடத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுகின்றனர். நோய் இன்னது, செய்யப்போவது இன்னது, அதனால் நேரக்கூடிய இடர் இன்னது, வேறு வழி உண்டா என்பவற்றை நோயாளிக்குப் போதிய அளவு விளக்கியபின் பெறும் இசைவே செல்லும் என்று 2008ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. கேட்பது நோயாளியின் உரிமை. காய்ச்சலில் தலை சுழலும்போது தனியாகக் கேட்டறிதல் கடினம். ஆதலின் கூடச் செல்வதற்கு ஒருவர் வேண்டும். அவர் படித்துக் காட்டுவார், மறந்ததை நினைவூட்டுவார், முடிவு மட்டும் நோயாளியுடையதாக இருக்கும். சாசூன் மருத்துவமனையில் சாஸ்திரியார் செய்ததும் இவ்வளவே.

பிற்காலத்தில் சாஸ்திரியார் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாகவும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் பணியாற்றினார். அவருடைய உடல்நலம் நெடுங்காலமாகவே குன்றியிருந்தது. 1946ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அவர் சென்னைப் பொது மருத்துவமனையில் நோய்ப்படுக்கையில் இருந்தார். அப்பொழுது சென்னைக்கு வந்திருந்த அடிகள் அவரைக் காண அங்குச் சென்றார். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஜனவரி இரவில் படுத்திருந்தவர் இப்பொழுது கட்டிலருகே நின்றார்; அன்று அருகே நின்றவர் இப்பொழுது படுத்திருந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 17ஆம் நாள் சாஸ்திரியார் காலமானார்.