எந்தக் கல்லூரியில் சேர்வோம்?

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் இவ்வினா நம் இல்லங்களில் எழுகிறது. கடற்கரையை நோக்கி 1914-இல் தோன்றிய அரசுக் கல்லூரியான இராணி மேரியா, கதீட்ரல் சாலையிலுள்ள ஸ்டெல்லா மாரிஸா? இரண்டிலும் கிடைப்பது சென்னைப் பல்கலைக்கழகப் பட்டமே. ஆகவே பட்டத்தையல்ல, அதற்கு முந்திய மூன்றாண்டுகளையே நாம் ஒப்பிட வேண்டும்.

கட்டடத்தைக் கண்டு மயங்க வேண்டாம். ஸ்டெல்லா மாரிஸ் 1947-இல் சாந்தோமில் 32 மாணவியருடன்தான் தொடங்கியது. கலைவிழாவை மட்டும் பார்த்துத் திரும்பவும் வேண்டாம். அங்குப் பயிலும் அக்காமாரிடம் கேட்போம்: வகுப்பில் ஐயம் கேட்க நேரமுண்டா? ஆய்வுக்கூடத்தில் சோதனையை நம் கையாலேயே செய்கிறோமா? ஆங்கிலத்தில் தடுமாறுபவளும் மன்றத்தில் பேச இடமுண்டா?

முதலிரண்டும் கற்பித்தலைக் காட்டும். மூன்றாவது கல்லூரியின் பண்பைக் காட்டும். நன்கு கற்பித்தும் நம்மை வாய்மூடி இருக்கச் செய்யும் இடம் பாதிக் கல்வியே தரும். பெற்றோரே, பெயரைக் கேட்டு முடிவு செய்யுமுன் இவ்விடைகளையும் கேளுங்கள்.